நடிகருக்கு அழலாமா?

கேள்வி: பக்கத்து ஒழுங்கையில் செத்தவீடு என்றால் எட்டியும் பார்க்காத இளைஞர்கள், இந்திய நடிகர் ஒருவர் இறந்ததும் சந்தியில் பதாகை கட்டி, விளக்கேற்றிக் கண்ணீர் விடுகிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு இவர்களை யாரென்று தெரியுமா? இந்தப் பைத்தியக்காரத்தனத்தை நீங்கள் ஏன் கண்டிப்பதில்லை?
– வாசகர் ஒருவர், கொக்குவில்

பதில்: அழுவதைக் கண்டிக்க மாட்டேன். 1987 டிசெம்பர் 24இல் எம்.ஜி.ஆர். மறைந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான், ஒக்டோபர் 21இல், இந்திய இராணுவம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளரையும் வைத்தியர்களையும் தாதியரையும் சுட்டுக் கொன்றிருந்தது. தன் வீட்டுச் சாவுக்கே அழுது முடிக்காத ஊரிலும், நாவலப்பிட்டியில் பிறந்த அந்த மனிதருக்காகக் கண் கலங்கியவர்கள் இருந்தார்கள். வின்சர், மனோகரா தியேட்டர்களில் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்துப் பார்த்த முகமல்லவா? கல்வியங்காட்டில் அவருக்குச் சிலையே நிற்கிறது. அவர்களையும் பைத்தியம் என்பீர்களா ஐயா?

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். அந்தப் பதாகையைக் கிட்டப் போய்ப் பார்த்தீர்களா? மேலே ஒரு மூலையில் இறந்தவர். அவருக்குக் கீழே, கறுப்புக் கண்ணாடியும் புதுச் சட்டையுமாக, துயரத்தில் வாடும் பத்துப் பன்னிரண்டு பேர். செத்தது யார் என்று கண்டுபிடிக்க, யார் சிரிக்கவில்லை என்று தேட வேண்டியிருக்கிறது. சில பதாகைகளில் அவரும் சிரிக்கிறார்.

அதைக்கூட விடலாம், யாருக்கும் நோகாது. கைத்தொலைபேசியில் நடப்பதுதான் நோகச் செய்கிறது. 2018 பெப்ரவரியில் ஸ்ரீதேவி துபாயில் இறந்தபோது, சில இந்தியத் தொலைக்காட்சிகள் குளியல் தொட்டியைக் கொண்டுவந்து வைத்துச் செய்தி சொல்லின. தாயை இழந்த இரண்டு பெண்பிள்ளைகள் அதையும் பார்த்திருப்பார்களே என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 2020இல் எஸ்.பி.பி. வைத்தியசாலையில் கிடந்தபோது அவருடைய மகன் காணொளியில் வந்து வந்து தகப்பனின் நிலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். செப்டெம்பர் 25இல் தகப்பன் போன பிறகும் விட்டார்களா? வைத்தியசாலைக் கட்டணம் பற்றி யாரோ கட்டிவிட்ட கதையை மறுக்க அந்தப் பிள்ளை மறுபடியும் கமராவின் முன்னால் வர வேண்டியிருந்தது. அந்தக் கதையைப் பரப்பியவர்கள் எதிரிகள் அல்லர். 'பாடும் நிலா'வுக்கு உருகியவர்கள்தாம்.

நமக்கு இந்த நாகரிகத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. செத்தவீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்று தெரிந்து, அயல்வீட்டு அக்கா தேநீர்க் கேத்தலோடு பின்பக்கத்தால் வருவார். குசினித் திண்ணையில் வைத்துவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் போய்விடுவார். பந்தலில் இருக்கும் மனிதரும் எழும்பும்போது "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிக்கொள்ள மாட்டார். (பந்தலுக்குள் இருந்தபடி தேர்தல் கதைக்கும் சிலரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) கிரியையில் சுண்ணம் இடிக்கும்போது மகள் மயங்கி விழுந்தால், நாலு பெண்கள் சுற்றி நின்று மறைப்பார்கள். அதே பெண்களின் வீட்டுப் பிள்ளைகள்தாம் நடிகரின் மகள் மயங்கி விழும் காணொளிக்கு அழும் முகம் ஒன்றைப் போட்டு ஐம்பது பேருக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு இவர்களைத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியாமலிருப்பது நல்லது.

பக்கத்து வீட்டுச் சாவுக்குப் போவதில்லை என்ற உங்கள் குற்றச்சாட்டு சரியானது. ஆனால் அதை நடிகரின் தலையில் கட்டாதீர்கள். நடிகர் சாகாத மாதங்களிலும் அவர்கள் போவதில்லை.

விளக்கேற்றும் தம்பிமாருக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். விஜயகாந்த் மறைந்தபோது எங்களுக்கு வந்த படங்களில் பெரும்பாலானவை அவருடைய மனைவியும் மகன்மாரும் அழுபவை. ஒன்றையும் போடவில்லை, இனியும் போட மாட்டோம். அவருடைய எந்தப் படத்தை, எந்தத் தியேட்டரில், யாரோடு போய்ப் பார்த்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேட்டர் வைத்துப் பார்த்த கதையென்றால் இரண்டு பக்கம் தருகிறேன்.