பாட்டியின் நகையிலிருந்து குடும்ப மோதிரம்: கேள்வி பதில்

கோவையில் பட்டறை வைத்து ஆர்டர் நகை செய்பவன் நான். பரம்பரையாகக் கொடுக்கிற மாதிரி மோதிரம் செய்வது பற்றிப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாமே தினமும் விரலில் கிடக்கப்போகிற மோதிரத்தை மனதில் வைத்துச் சொல்வது. லாக்கரில் தூங்கப்போகிற மோதிரம் என்றால் எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

அண்ணா, பாட்டியின் சங்கிலியும் இரண்டு வளையலும் இருக்கின்றன. கடையில் கொடுத்தால் அதே தங்கத்தில் மோதிரம் செய்து தருவார்களா? (கும்பகோணம்)

பெரும்பாலும் மாட்டார்கள், தங்கச்சி. பழைய நகைக்கு டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்ற கணக்கு) பார்த்து, அதன் மதிப்பைக் கழித்துக்கொண்டு வேறு நகையைக் கொடுப்பார்கள். பாட்டியின் தங்கம் உருகி யார் கழுத்துக்கோ போய்விடும். அதே தங்கம்தான் வேண்டும் என்றால் கூலிக்குச் செய்கிற பத்தரிடம் கொடுங்கள். எடை போடும்போதும் உருக்கும்போதும் பக்கத்திலேயே உட்காருங்கள். நல்ல பத்தர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இன்னொரு கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய நகைகளில் பொடி வைத்து ஊதிய பற்று, அதாவது துண்டுகளை ஒட்ட வைத்த மட்டமான கலப்பு உலோகம், நிறைய இருக்கும். 22 காரட் என்று நம்பிக் கொண்டுவருவது, உருக்கிப் பார்த்தால் 88 டச் காட்டும். 10 கிராம் 88 டச் தங்கத்தை 22 காரட்டுக்கு, அதாவது 91.6 டச்சுக்கு உயர்த்த, சுமார் 4.3 கிராம் சுத்தத் தங்கம் புதிதாகச் சேர்க்க வேண்டும். இன்றைய விலையில் அது சின்னச் செலவா? அதே 10 கிராமை 18 காரட்டுக்கு, அதாவது 75 டச்சுக்கு இறக்கினால், 1.7 கிராம் செம்பும் வெள்ளியும் போதும். வெளித்தங்கம் ஒரு பொட்டுகூடக் கலக்காது. 18 காரட் கெட்டியாகவும் இருக்கும், கல்லையும் இறுக்கிப் பிடிக்கும். மஞ்சள் நிறம் மட்டும் கொஞ்சம் குறையும். நம் ஊரில் 18 காரட் என்றாலே மட்டம் என்ற நினைப்பு இருக்கிறது. தினமும் போடுகிற கல் மோதிரத்துக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

அப்புறம், எல்லாவற்றையும் உருக்காதீர்கள். வளையலில் நல்ல சித்திர வேலை இருந்தால், ஒரு துண்டை வெட்டி அப்படியே முகப்பாக வைக்கலாம்.

எங்கள் அட்டிகை 5 பவுன் என்று அம்மா சொல்வார். பத்தர் குறைவாகச் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா? (காரைக்குடி)

அவசரப்பட்டுச் சந்தேகப்படாதீர்கள். பழைய கல் அட்டிகையின் உள்ளே அரக்கு இருக்கும். 40 கிராமில் கல்லும் அரக்கும் போனால்தான் தங்கத்தின் எடை தெரியும். கல்லைப் பிரித்து, அரக்கை எடுத்த பிறகு உங்கள் கண்முன் மறுபடி எடை போடச் சொல்லுங்கள்.

அதே மாதிரி அட்டிகையில் இருக்கும் சிவப்புக் கற்களை மோதிரத்தில் வைக்கலாமா சார்?

முதலில் அவை என்ன கல் என்று சோதனைக் கூடத்தில் கேளுங்கள். கெம்பு என்று வீட்டில் சொல்வதில் உண்மையான மாணிக்கமும் உண்டு, கண்ணாடியும் உண்டு. அசல் மாணிக்கம் மோஸ் அளவில் 9, விரலில் தாராளமாக உழைக்கும். கண்ணாடி சீக்கிரம் கீறல் விழுந்து மங்கிவிடும். பழைய வேலையில் கல்லுக்கு அடியில் பளபளப்புக்காகத் தகடு வைத்திருப்பார்கள். எடுத்துவிட்டால் அந்தச் சிவப்பு வெளிறித் தெரியலாம். அப்போது கல்லை மாற்றிவிட்டார் என்று பத்தர் மேல் பாயக் கூடாது! முத்து, பவளம் இரண்டும் மென்மையானவை. அவற்றைத் தினசரி மோதிரத்தில் வைக்கச் சொல்ல மாட்டேன்.

நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல்தான். முத்திரை மோதிரத்தில் என்ன போடுவது? (திருநெல்வேலி)

எனக்குப் பிடித்த கேள்வி. ஐரோப்பியப் பாணிக் கேடயமும் சிங்கமும் வரைந்துகொண்டு நிறையப் பேர் வருகிறார்கள். நமக்கு எதற்கு அது? பேர் வெட்டிய மோதிரம் நமக்குப் புதிதில்லை. கரூர் அமராவதி ஆற்றில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்துப் பொறித்த பழங்கால மோதிரங்கள் கிடைத்திருக்கின்றன. குலதெய்வத்தின் வேலோ அரிவாளோ, பூர்வீக ஊரின் முதல் எழுத்தோ, ஆச்சி வாசலில் போடும் கோலமோ, தாத்தாவின் கையெழுத்தோ வைக்கலாம். பத்திரத்தில் போட்ட கையெழுத்து இருந்தால் லேசரில் அப்படியே வெட்டலாம்.

ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வேல், மயில், ஊர்ப் பெயர், வருஷம் எல்லாம் ஒரே முகப்பில் திணித்தால் எதுவும் தெரியாது. தமிழ் எழுத்தில் வளைவு அதிகம். பொடியாக வெட்டினால் சுழியில் அழுக்கு அடைந்து, புள்ளியும் மறைந்துவிடும். பெயர்களையும் வருஷத்தையும் வளையத்தின் உள்பக்கம் போடுங்கள். அரக்கில் முத்திரை குத்தப்போகிறீர்கள் என்றால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்ட வேண்டும். அழகுக்கு மட்டும் என்றால் நேராக. இதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

தாத்தா வைத்திருந்த புலிநகம் ஒன்று இருக்கிறது. மோதிரத்தில் பதித்துத் தருவீர்களா?

மாட்டேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிய சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். பதித்துக் கொடுப்பவனும் மாட்டுவான். சான்றிதழ் இருக்கிறதா என்று வீட்டில் தேடுங்கள். இல்லையென்றால் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு வனத்துறையிடம் போங்கள். நகத்தின் வடிவம்தான் ஆசை என்றால் தங்கத்திலேயே செய்து தருகிறேன். யானை முடி மோதிரம் கேட்பவர்களுக்கும் பதில் இதேதான்.

அளவு எப்படிச் சரியாக எடுப்பது? என் விரல் முட்டி பெரிது. (டொராண்டோ)

குளிரில் விரல் சுருங்கும், வெயிலில் உப்பும். அங்கே ஜனவரியில் எடுத்த அளவை மட்டும் நம்பாதீர்கள். வீட்டுக்குள் சாதாரணச் சூட்டில், சாயங்காலம் இரண்டு மூன்று முறை அளந்து பாருங்கள். அகலப் பட்டை என்றால் ஒரு சுற்று தளர்வாக வேண்டும். முட்டியைத் தாண்டுகிற அளவில் செய்து, வளையத்தின் உள்பக்கம் இரண்டு சின்னத் தங்கக் குமிழ் வைத்தால் சுழலாமல் நிற்கும்.

அடுத்த தலைமுறையின் விரல் வேறாக இருக்கும் என்பதையும் யோசியுங்கள். வளையம் முழுக்கக் கல் பதித்துவிட்டால் பிறகு பெரிதாக்குவது பெரும்பாடு. அடிப்பக்கத்தை வெறும் தங்கமாக விட்டால், வெட்டி ஒரு துண்டு சேர்த்துவிடலாம்.

நாங்கள் அக்கா தங்கை மூன்று பேர். மோதிரம் ஒன்று என்றால் யாருக்கு?

ஒரே கட்டியிலிருந்து மூன்று செய்யுங்கள், சண்டை மிச்சம். 2 கிராமுக்குக் குறைந்தால் ஹால்மார்க் கட்டாயமில்லை என்றாலும், அவ்வளவு மெல்லிசாகச் செய்தால் வளைந்துவிடும். ஆளுக்கு 4 கிராமாவது வருகிறதா பாருங்கள்.

போட்டுக்கொண்டே எல்லா வேலையும் செய்யலாமா?

சமையல், பாத்திரம் கழுவுவது எல்லாம் சரி. குளோரின் போட்ட நீச்சல் குளத்தில் கழற்றுங்கள், 18 காரட் என்றால் கண்டிப்பாக. லேத், கிரைண்டர், ஏணி பக்கம் போகும்போதும் கழற்றிவிடுங்கள். மோதிரம் எங்காவது மாட்டி இழுத்தால் விரலே போய்விடும். அழுக்கானால் வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டை ஊறவைத்து, மெல்லிய பிரஷால் தேய்த்தால் போதும். பற்பசை வேண்டாம், மெருகைத் தின்றுவிடும்.