பழைய உடற்பயிற்சி வீடியோ கேசட்டுகளுக்குப் பதிலாக டிவிடி வாங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். அம்மா 90-களில் வாங்கிச் சேர்த்த ஏரோபிக்ஸ், ஸ்டெப் (பலகையில் ஏறி இறங்கும் பயிற்சி) கேசட்டுகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. இன்னமும் அதைப் போட்டுத்தான் உடற்பயிற்சி செய்கிறார். விசிஆர் கோடு கோடாகக் காட்ட ஆரம்பித்துவிட்டது. எல்லாவற்றையும் டிவிடியாக வாங்கிவிடலாமா, இல்லை கடையில் கொடுத்து மாற்றலாமா?

எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். அம்மா கடந்த சில மாதங்களில் எடுத்துப் போட்டவை எவை என்று கேட்டு, அவற்றை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். அலமாரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தக் குவியல் சின்னதாகத்தான் இருக்கும். இந்தக் கேசட்டுகளைச் சேர்த்தவர்கள் வீட்டிலெல்லாம் இதே கதைதான். வாங்கியது நிறைய, உடம்புக்குப் பழகியது சில. நான் கல்யாணமாகி மினசோட்டாவுக்கு வந்த புதிதில் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வெளியே மைனஸ் 20 டிகிரி. பொது நூலகத்திலிருந்து வீட்டுக்காரர் எடுத்து வந்த கேசட்டுகள்தான் எனக்கு ஜிம், பேச்சுத்துணை எல்லாம். அதனால் உங்கள் அம்மாவின் அலமாரியை வெறும் பழைய பிளாஸ்டிக்காக என்னால் பார்க்க முடியவில்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவசரம் என்று ஒன்று இருந்தால் அது விசிஆரை வைத்துத்தான். உலகத்தில் கடைசிவரை விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இப்போது கிடைப்பதெல்லாம் பழைய பெட்டிகள்தான். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் நாளாக நாளாக விறைத்துப்போகும், டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை வழுக்கும். அப்புறம் ஒரு நாள் கேசட்டை உள்ளே வாங்கிக்கொண்டு வெளியே தள்ளாமல் நின்றுவிடும். ரிப்பேர் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். திரையில் கோடு வந்தால் முதலில் டிராக்கிங்கை, அதாவது டேப்பில் இருக்கும் பதிவோடு ஹெட் பொருந்துவதைச் சரிசெய்து பாருங்கள், ஹெட் (டேப்பைப் படிக்கும் பாகம்) க்ளீனர் போட்டுப் பாருங்கள். அதிகம் ஓடாத நல்ல கேசட் ஒன்றைப் போட்டும் கோடு போகவில்லை என்றால் பெட்டிக்கு வயதாகிவிட்டது. ஒரு கேசட்டில் மட்டும், அதுவும் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வந்தால் டேப் தேய்ந்திருக்கிறது.

உடற்பயிற்சி கேசட் மற்றதைவிடச் சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் இருக்கிறது. சினிமா கேசட்டை இரண்டு மூன்று தடவை பார்ப்போம்; இதை வருஷக்கணக்கில் ஓட்டுவோம். 1982-ல் ஹாலிவுட் நடிகை ஜேன் ஃபோண்டாவின் முதல் உடற்பயிற்சி கேசட் வந்த சமயத்தில், அமெரிக்காவில் வீடியோ கேசட் என்றால் பெரும்பாலும் வாடகைக்கு எடுப்பதுதான். அடிக்கடி வேண்டியதை வாடகைக்கு எடுத்துக் கட்டுப்படியாகாது என்பதால் மக்கள் அதை விலைக்கே வாங்கினார்கள். அதற்காகவே விசிஆர் வாங்கியவர்களும் உண்டு. அந்த அளவுக்கு ஓட்டம் ஓடும் பொருள் இது.

இதில் பாஸ் வேறு. தண்ணீர் குடிக்கவோ ஃபோனை எடுக்கவோ பாஸ் பட்டனை அழுத்தினால் டேப் நின்றுவிடும். ஆனால் உள்ளே ஹெட் பொருத்திய உருளை நிற்காது. அமெரிக்க விசிஆரில் அது நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றியபடி டேப்பின் அதே இடத்தை உரசிக்கொண்டே இருக்கும். சில நிமிடம் போனால் பெட்டி தானாகவே ஸ்டாப் ஆவது அதனால்தான். அம்மாவின் கேசட்டுகளில் படம் எங்கே பொரிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வார்ம்-அப் முடிந்து வேகம் எடுக்கும் இடமாகவோ, தரைப்பயிற்சிக்குப் பாய் விரிக்கும் இடமாகவோ இருக்கும். வழக்கமாகப் பாஸ் போடுகிற இடங்கள் அவை.

சரி, எடுத்து வைத்த குவியலை இரண்டாகப் பிரியுங்கள். கடையில் வாங்கியது ஒரு பக்கம், டிவியிலிருந்து பதிவு செய்தது ஒரு பக்கம். பளபளவென்று அட்டைப்படம் போட்டதுதான் மதிப்பானது என்று தோன்றும். எனக்கு அது நேர்மாறு. கடைக் கேசட் ஆயிரக்கணக்கில் அச்சானது. இன்னொரு பிரதி எங்காவது கிடைத்துவிடும். உடற்பயிற்சி ஆசிரியை டெனிஸ் ஆஸ்டின் முதலில் இஎஸ்பிஎன்னிலும் பிறகு லைஃப்டைம் சேனலிலும் நடத்திய நிகழ்ச்சிகளை அம்மா பதிவு செய்து, பேனாவால் தேதி எழுதி வைத்திருக்கிறாரா? அதைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். டிவியில் வந்த அந்த எபிசோடை அப்படியே திரும்ப விலைக்கு வாங்குவது கஷ்டம்.

அதோடு, இரண்டு மணி நேரம் ஓடும் டி-120 கேசட்டில் ஆறு மணி நேரத்தை அடைப்பதற்காக மிக மெதுவான வேகத்தில் பதிவு செய்வது அப்போது வழக்கம். அப்படிப் பதிவானது வேறொரு விசிஆரில் போட்டால் பல நேரம் சரியாக ஓடாது. பதிவு செய்த அதே பெட்டிதான் இப்போது கோடு காட்டுகிறது என்றால், அது மூச்சு விடும்போதே வேலையை முடித்துவிடுங்கள்.

மாற்றிக் கொடுக்கும் கடைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கல்யாணம், பிறந்தநாள் கேசட்டுகளை வாங்கிக்கொள்ளும் கடைகள், கம்பெனி வெளியிட்ட கேசட் என்றால் பொதுவாகக் காப்புரிமையைச் சொல்லி மறுத்துவிடுவார்கள். வீட்டிலும் அதைச் செய்ய முடியாது. பல கடைக் கேசட்டுகளில் மேக்ரோவிஷன் என்ற தடுப்பு இருக்கிறது. நகல் எடுத்தால் படம் திடீரென்று பளிச்சிடும், உடனே மங்கும், மறுபடி பளிச்சிடும். விசிஆரும் டிவிடி ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி இதைக் கண்டுகொண்டு பதிவு செய்யவே மறுக்கும். ஆகவே கடைக் கேசட்டுக்கு டிவிடியை விலைக்கு வாங்குவதுதான் வழி.

டிவியில் பதிவு செய்ததை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். விசிஆரின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைக் கம்ப்யூட்டரின் யுஎஸ்பியில் செருகும் சின்ன கேப்சர் கருவி ஒன்று போதும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அதைச் சுருக்க வழியில்லை. அந்த நேரத்தில் அம்மா வழக்கம்போல் அதைப் பார்த்துச் செய்யட்டும், கம்ப்யூட்டர் பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருக்கட்டும். பாஸ் மட்டும் போடக் கூடாது.

ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு கேசட்டையும் ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ப் பாருங்கள். டேப் சுருளின் விளிம்பில் வெள்ளையாக மாவு தூவியதுபோல் தெரிந்தால் பூஞ்சை. அதை விசிஆரில் போடவே போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கெல்லாம் பரவும். குளிர்காலத்தில் கராஜிலிருந்து எடுத்தது என்றால் ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் உள்ளே ஈரம் படியும். வருஷக்கணக்கில் ஓடாத கேசட்டை ஒரு தடவை கடைசிவரை ஓட்டி, ரிவைண்ட் செய்து, அப்புறம் போட்டால் சுருள் இளகி ஓடும். முதுகுப்பக்கம் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு உடைக்கப்படாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்டு பட்டனில் கை பட்டாலும் அழியாது.

மாற்றியதை டிவிடியில் எரித்து (பதிந்து) வைப்பதோடு விட்டுவிடாதீர்கள். கடையில் விற்கும் படத் தகட்டில் விவரம் அச்சுக் குத்திப் பதித்திருக்கும். நாம் எரிக்கும் தகட்டில் அது ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது. வெயிலும் சூடும் பட்டால் அந்தச் சாயம் கெடும். கோப்பாக ஒரு பிரதியை ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொண்டு, அம்மாவின் வசதிக்கு ஒரு டிவிடி எரித்துக் கொடுங்கள். 4.7 ஜிபி தகட்டில் நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

இனி கடைக் கேசட்டுக்குப் பதில் வாங்கும் டிவிடி. பெயர் ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்று நம்பி வாங்காதீர்கள். பாட்டு உரிமை புதுப்பிக்கப்படாததால் மறுபதிப்பில் வேறு இசை போட்டுவிடுவது உண்டு. சினிமாவில் பின்னணி இசை மாறினால் ரசிகனுக்கு வருத்தம், அவ்வளவுதான். இதில் காலே தடுமாறும். ஸ்டெப் ஏரோபிக்ஸில் பலகையில் ஏறி இறங்குவது, நிமிடத்துக்கு 120-ஐ ஒட்டிய தாளத்தில் ஓடும் பாட்டைப் பிடித்துத்தான். அடுத்த அடி வருவதை டீச்சர் சொல்வதற்கு முன்பே பாட்டு சொல்லிவிடும். பல வருஷம் ஒரே பாட்டுக்குப் பழகிய உடம்பு புது இசையில் அதைத் தேடித் தவிக்கும். அதனால் ஓடும் நிமிடக் கணக்கைக் கேசட் அட்டையோடு ஒப்பிடுங்கள். வாங்கியவர்கள் இசையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். முடிந்தால் நூலகத்தில் சொல்லி வேறு ஊர் நூலகத்திலிருந்தாவது வரவழைத்து, அம்மா ஒரு தடவை செய்து பார்த்த பிறகு வாங்குங்கள்.

எல்லாமே டிவிடியாக வந்துவிடவில்லை. ஜேன் ஃபோண்டாவின் 80-களின் கேசட்டுகளில் ஐந்து, 2015 தொடக்கத்தில்தான் டிவிடியாக வெளிவந்தன. அவ்வளவு பெயர் வாங்கியதற்கே அந்தக் கதி என்றால், சின்ன கம்பெனிகள் போட்டதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டிவிடி வராத பிடித்த கேசட்டுக்கு, பழைய பொருள் கடையில் அதிகம் ஓடாத இன்னொரு பிரதி கிடைத்தால் வாங்கி வையுங்கள், விசிஆர் ஓடும்வரை ஓடட்டும். படத் தெளிவைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஒரிஜினலே வீடியோவில் எடுத்ததுதான். அகலத் திரை டிவியில் ஆட்கள் குண்டாகத் தெரிந்தால் 4:3 அளவுக்கு மாற்றிவிடுங்கள், பார்த்துச் செய்வதற்குக் கை கால் கோணம் சரியாகத் தெரிய வேண்டும்.

தகட்டில் எனக்குப் பிடித்தது, பயிற்சியைப் பகுதி பகுதியாகத் தேர்ந்தெடுக்க முடிவது. நேரம் குறைவான நாளில் வார்ம்-அப், தோள்பட்டை, கடைசி நீட்டல் பயிற்சி என்று மட்டும் செய்யலாம். கேசட்டில் இதற்கு வேர்க்க வேர்க்க நின்று ஃபார்வர்ட் ஓட்ட வேண்டும். உங்கள் ஊர்ப்பக்கம் நியூ ஜெர்சியைச் சேர்ந்த உடற்பயிற்சி ஆசிரியை கேத்தி ஃப்ரெட்ரிக்கின் டிவிடிகளில் ப்ரீமிக்ஸ் என்று ஒன்று வரும். ஒரே பயிற்சியை நீளம், கடினம் மாற்றிப் பல விதமாகக் கோத்து வைத்திருப்பார்கள். அம்மா ஸ்டெப் பிரியர் என்றால் ஒரு தடவை காட்டிப் பாருங்கள்.

மெனுவைக் கண்டு அம்மா மிரளலாம். கேசட் போட்டால் ஓடும், எடுத்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். அந்த நிம்மதி பெரிய விஷயம். ரிமோட்டில் அவருக்கு வேண்டிய மூன்று நான்கு பட்டன்களுக்குப் பக்கத்தில் மட்டும் கலர் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுங்கள். விசிஆரை உடனே அவிழ்த்துவிடாமல் இரண்டும் கொஞ்ச காலம் பக்கத்தில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். குவியலில் இருக்கும் எல்லாப் பயிற்சியும் அம்மாவின் இன்றைய முழங்காலுக்கு ஏற்றதா? 80-களின் கேசட்டுகளில் குதித்துக் குதித்துச் செய்வது நிறைய. கால் விரலைத் தொட உடம்பை ஆட்டி ஆட்டி நீட்டுவது, கழுத்தை முழு வட்டமாகச் சுழற்றுவது, காலை மடக்காமல் எழுந்து உட்காருவது எல்லாம் அப்போது சாதாரணம். இப்போது பயிற்சியாளர்கள் இவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட கேசட்டை ஆசைக்காக வைத்துக்கொள்ளலாம், அதற்காகக் காசு போட்டு டிவிடி வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் குதிப்பில்லாத புதிய டிவிடி ஒன்று வாங்கலாம்.

யூடியூபில்தான் எல்லாம் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். யாரோ ஏற்றியது, உரிமைக்காரர் சொன்னால் மறுநாள் இருக்காது. பயிற்சி நடுவில் விளம்பரம் வந்தால் ஏறிய இதயத்துடிப்பு இறங்கிவிடும். புதியதைத் தேடிப் பார்க்க அது நல்ல இடம். அம்மாவுக்குப் பழகியதற்குத் தகடுதான் நல்லது.

கடைசியில் வேண்டாம் என்று ஒதுக்கும் கேசட்டுகளை ரீசைக்கிள் தொட்டியில் போடாதீர்கள். டேப் உருவிக்கொண்டு போய்த் தரம் பிரிக்கும் இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும். உங்கள் கவுண்டியில் மின்கழிவு எடுக்கும் நாளில் கேசட்டும் எடுப்பார்களா என்று கேளுங்கள். அதற்கு முன், பேனாவால் எழுதிய கேசட் ஒவ்வொன்றையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அந்தக் காலத்தில் ஏரோபிக்ஸ் முடிந்து மிச்சம் இருந்த டேப்பில்தான் பலரும் குழந்தையின் முதல் பிறந்தநாளைப் பதிவு செய்தார்கள்.