ரப் அரீனாவுக்குத் திரும்பும் காலிபரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வரும் சனிக்கிழமை, பிப்ரவரி 1, 2025 இரவு, கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் காலிபரி, கென்டக்கி பல்கலைக்கழக அணியின் சொந்த அரங்கமான லெக்சிங்டனின் ரப் அரீனாவுக்குள் மறுபடி நுழைகிறார். 15 வருஷம் எந்த பெஞ்சுக்கு முன்னால் நின்று கத்தினாரோ, இந்த முறை அதற்கு அடுத்த பெஞ்ச். ஆர்கன்சா அணியின் பயிற்சியாளராக வருகிறார். இந்த வாரம் எனக்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி இந்த ஒரு ஆட்டத்தைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கென்டக்கியில் 410 வெற்றி, 123 தோல்வி, ஒரு தேசியப் பட்டம். இதற்கு மேல் இந்த ரசிகர்களுக்கு என்னதான் வேண்டும்? ஏன் இவ்வளவு கோபம்?

அந்த 15 வருஷத்தை ஒரே துண்டாகப் பார்த்தால் கோபம் புரியாது. நடுவில் வெட்டிப் பாருங்கள்.

2009இல் வந்தார். 2011, 2012, 2014, 2015 என்று ஐந்து வருஷத்தில் நான்கு முறை ஃபைனல் ஃபோர், அதாவது தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் இடம். 2012இல் நியூ ஆர்லியன்ஸில் கான்சஸை 67-59 என்று வென்று பட்டம். 2014-15இல் வரிசையாக 38 ஆட்டங்களை ஜெயித்துவிட்டு, 39ஆவதில் விஸ்கான்சினிடம் 71-64 என்று விழுந்தார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் காலிபரியைச் சாதாரணப் பயிற்சியாளர் என்று சொல்ல மாட்டார்கள். இடையில் 2013இல் ஒரு சறுக்கல் உண்டு. மார்ச்சில் நடக்கும் தேசியப் போட்டிக்கே தேர்வாகாமல், இரண்டாம் நிலைப் போட்டியான என்ஐடியில் ராபர்ட் மோரிஸ் அணியிடம் 59-57 என்று தோற்றார்கள். நடந்த இடம் காலிபரி பிறந்து வளர்ந்த மூன் டவுன்ஷிப். அதைக்கூட ரசிகர்கள் மன்னித்தார்கள், ஏனென்றால் அடுத்த வருஷமே இறுதி ஆட்டம் வரை போனார்.

இப்போது இரண்டாவது துண்டு. 2015க்குப் பிறகு ஒரு ஃபைனல் ஃபோர்கூட இல்லை. 2020-21இல் 9 வெற்றி, 16 தோல்வி. 2022இல் ஜெர்சி சிட்டியின் சின்னக் கல்லூரியான செயின்ட் பீட்டர்ஸிடம் முதல் சுற்றில் தோல்வி. 2024இல் ஓக்லண்டிடம் மறுபடி முதல் சுற்றில் தோல்வி. 2019க்குப் பிறகு மார்ச் போட்டியில் மொத்தமே ஒரே ஒரு வெற்றி, அதுவும் 2023இல் பிராவிடன்ஸை எதிர்த்து. கென்டக்கி மாநிலத்தில் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் அணி கிடையாது, அமெரிக்கன் ஃபுட்பால் தொடரான என்எஃப்எல் அணியும் கிடையாது. எட்டுத் தேசியப் பட்டங்களின் கொடிகள் தொங்கும் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கும் ஜனம் அது.

ஆனால் தோல்வி மட்டும்தான் காரணம் என்றால் கோபம் இவ்வளவு ஆழமாகப் போயிருக்காது. 2010 டிராஃப்ட் ராத்திரியில், அதாவது என்பிஏ அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ராத்திரியில், கென்டக்கியிலிருந்து ஐந்து பையன்கள் முதல் சுற்றிலேயே தேர்வானார்கள். கென்டக்கி கூடைப்பந்து வரலாற்றிலேயே மிகப் பெரிய நாள் இதுதான் என்று காலிபரி அன்று சொன்னார். அப்போது கூரையில் ஏழு கொடிகள் இருந்தன! தாத்தா காலத்திலிருந்து அந்தக் கொடிகளை எண்ணி வளர்ந்தவர்களுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? ஜெயித்துக்கொண்டிருந்தவரை அந்த வார்த்தை உள்ளே அமுங்கிக் கிடந்தது. தோற்க ஆரம்பித்ததும் மேலே வந்துவிட்டது.

‘ஒன் அண்ட் டன்’ முறையை, அதாவது கல்லூரியில் ஒரே வருஷம் ஆடிவிட்டு என்பிஏவுக்குப் போவதை, அவர்தான் கொண்டுவந்தார் என்கிறார்களே, சரியா?

இல்லை. அது என்பிஏ போட்ட விதி. 2006 டிராஃப்டிலிருந்து, 19 வயது ஆகியிருக்க வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருஷமாவது போயிருக்க வேண்டும் என்று ஆனது. திறமைசாலிகள் அந்த ஒரு வருஷத்தைக் கல்லூரியில் கழிக்க வந்தார்கள். மற்ற பயிற்சியாளர்கள் இதைத் தொல்லையாக நினைத்தபோது காலிபரி இதை வாய்ப்பாகப் பார்த்தார். கென்டக்கிக்கு முன் அவர் இருந்த மெம்பிஸில் டெரிக் ரோஸ், கென்டக்கியில் ஜான் வால், ஆந்தனி டேவிஸ், கார்ல்-ஆந்தனி டவுன்ஸ். நான்கு பேரும் அவரவர் டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வானவர்கள். 18 வயதுப் பையன்களிடம் ஆளுக்கு 20 ஷாட் என்ற ஆசையை விட்டுத் தடுப்பாட்டம் ஆட வைத்தார். அது சாதாரண வேலை இல்லை. பள்ளிப் பையன்களுக்குச் சில காலம் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெயர் எடுத்த ஒரே ஒரு பையனைப் பந்தை விட்டுக்கொடுக்க வைப்பதற்குள் ஒரு சீசன் முடிந்துவிடும். இவர் ஒரே அணியில் ஏழெட்டுப் பேரை வைத்துச் செய்தார்.

பிரச்சினை அப்புறம் வந்தது. கொரோனாவால் எல்லோருக்கும் ஒரு வருஷம் கூடுதலாக ஆட அனுமதி கிடைத்தது. 2021 முதல் கல்லூரி மாற நினைப்பவர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் போகிறவர்கள் காத்திருக்காமல் உடனே புது அணிக்கு ஆடலாம் என்று ஆனது. திடீரென்று எதிரணிகளில் 22, 23, 24 வயது ஆண்கள். தோள் அகலமே வேறு. காலிபரியும் போர்ட்டலில் ஆள் எடுத்தார்தான், 2022இல் நாட்டின் சிறந்த வீரராகத் தேர்வான ஆஸ்கர் ஷீப்வே அப்படி வந்தவர். ஆனாலும் அவர் மனசு புதுப் பையன்களிடமே இருந்தது. ஒரு காலத்தை எல்லோருக்கும் முன்னால் படித்துச் சொன்னவர், அடுத்த காலத்தைப் படிக்கத் தாமதித்துவிட்டார் என்பதுதான் என் கருத்து.

ஓக்லண்ட் தோல்வி வெறும் துரதிர்ஷ்டம்தானே? அதற்கு ஒரு பயிற்சியாளரைத் தூக்கில் போடுவதா?

பாதி துரதிர்ஷ்டம். ஓக்லண்டின் ஜாக் கோல்கி அன்று எறிந்த ஷாட்களில் மூன்று பாயிண்டர்கள் (தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்) மட்டும் 20. அதில் 10 விழுந்தன, 32 புள்ளி. வளையத்துக்குக் கிட்ட அவர் போகவே இல்லை. சக வீரர்கள் குறுக்கே நின்று போடும் திரைகளைச் சுற்றிச் சுற்றி ஓடுவார், பந்து கைக்கு வந்த நொடியில் எறிவார். அவ்வளவுதான் அவர் ஆட்டம்.

மீதிப் பாதிதான் முக்கியம். கோல்கி அப்போது 24 வயது முதுநிலை மாணவர். இரண்டாம் பிரிவுக் கல்லூரியான ஹில்ஸ்டேலில் ஆடிவிட்டு வந்தவர். அவர் எப்படி ஆடுவார் என்பது எதிரணிகள் எல்லோருக்கும் தெரியும். அப்படி இருந்தும் கென்டக்கியின் இளம் கார்டுகள் (வெளிவட்டத்தில் ஆடுபவர்கள்) திரையில் மாட்டிக்கொண்டு அரை அடி பிந்தினார்கள், மறுபடி பிந்தினார்கள். 80-76. அந்த அணியில் ரீட் ஷெப்பர்ட் மூன்றாவதாகவும் ராப் டில்லிங்ஹாம் எட்டாவதாகவும் சில மாதங்களில் டிராஃப்ட் ஆனார்கள். தாக்குதல் நாட்டிலேயே முன்வரிசையில் இருந்தது, தடுப்பாட்டம் சீசன் முழுக்க ஓட்டை. நவம்பரில் தெரிந்த ஓட்டையை மார்ச் வரை அடைக்காமல் விட்டதை நான் துரதிர்ஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன்.

அவராகப் போனாரா, போக வைத்தார்களா?

அவராகத்தான் போனார். 2019இல் பத்து வருஷத்துக்குச் சுமார் 8 கோடியே 60 லட்சம் டாலர் என்று பேசி, வாழ்நாள் ஒப்பந்தம் மாதிரி ஒன்று போட்டிருந்தார்கள். நீக்கியிருந்தால் பல்கலைக்கழகம் 3 கோடி டாலருக்கு மேல் எடுத்துவைக்க வேண்டியிருக்கும். ஓக்லண்ட் தோல்விக்குப் பிறகு அவர் தொடர்வார் என்றே பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநர் மிட்ச் பார்ன்ஹார்ட் அறிவித்தார். அடுத்த சில நாட்களில் ஆர்கன்சாவில் இடம் காலியானது, ஏப்ரல் 10, 2024 அன்று அங்கே அறிமுகமானார். ஐந்து வருஷம், வருஷத்துக்கு 70 லட்சம் டாலர்.

காலிபரிக்கும் பார்ன்ஹார்ட்டுக்கும் இடையில் முன்பே கசப்பு இருந்தது. 2022இல் பஹாமாஸில் இருந்தபடி, இது பாஸ்கெட்பால் கல்லூரி என்று காலிபரி பேசப்போய், அங்கேயே அமெரிக்கன் ஃபுட்பால் அணியை வளர்த்துக்கொண்டிருந்த மார்க் ஸ்டூப்ஸ் பகிரங்கமாகப் பதில் கொடுத்தார். புதிய பயிற்சிக் கூடம் கேட்டுத்தான் அந்தப் பேச்சு. கேட்டது கிடைக்கவில்லை. பிரிந்தது இரண்டு பக்கத்துக்கும் நல்லது என்றே நினைக்கிறேன்.

அவர் முன்பு இருந்த மாசசூசெட்ஸ், மெம்பிஸ் இரண்டிலும் ஃபைனல் ஃபோர் கணக்கை அழித்தார்களே?

ஆமாம், 1996, 2008 இரண்டும் ரத்து. இரண்டிலும் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அவர் மேல் தனிப்பட்ட குற்றம் சுமத்தவில்லை. கென்டக்கியில் 15 வருஷத்தில் ஒரு வெற்றிகூட அழிக்கப்படவில்லை. சனிக்கிழமை இதைத் தட்டியில் எழுதிக்கொண்டு போகாதீர்கள்.

பழைய பயிற்சியாளர்கள் திரும்பி வந்தபோது ரப் அரீனா எப்படி நடந்துகொண்டது?

இரண்டு விதமாகவும். ரிக் பிட்டினோ 1996இல் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். 1997இல் பாஸ்டன் செல்டிக்ஸுக்குப் போனார், அதைக்கூடப் பொறுத்தார்கள். 2001இல் அதே மாநிலத்தின் எதிரி அணியான லூயிவில்லுக்கு வந்தது பொறுக்கவில்லை. அந்த டிசம்பரில் அவர் உள்ளே வந்தபோது எழுந்த ஊளை இன்னும் பேசப்படுகிறது. கென்டக்கி 82-62 என்று ஜெயித்தது. அதே பிட்டினோ சென்ற அக்டோபரில், சீசன் தொடக்க விழாவுக்கு, காலிபரிக்கு அடுத்துக் கென்டக்கி பயிற்சியாளரான மார்க் போப் அழைத்து வந்தபோது, அரங்கமே எழுந்து நின்றது. இடையில் 23 வருஷம்.

டப்பி ஸ்மித் கதை இன்னும் மென்மையானது. 1998இல் பட்டம் வென்றவர். 2007இல் மனத்தாங்கலோடு மினசோட்டாவுக்குப் போனார். 2021 டிசம்பர் 31 அன்று ஹை பாயின்ட் பயிற்சியாளராக எதிரணி பெஞ்சில் உட்கார வந்தவருக்கு அன்றே கௌரவமாகக் கூரையில் அவர் பெயரில் ஜெர்சி ஏற்றினார்கள்.

இதைவிடச் சுவாரசியம், இதே பாதையில் தலைகீழாக ஒருவர் வந்திருக்கிறார். எடி சட்டன் 1985இல் ஆர்கன்சாவை விட்டுக் கென்டக்கிக்கு வந்தார். லெக்சிங்டனுக்குத் தவழ்ந்தாவது வந்திருப்பேன் என்று அவர் சொன்னதை ஆர்கன்சாக்காரர்கள் ரொம்ப காலம் மறக்கவில்லை. விட்டுப்போன வலி அந்த ஊருக்கும் தெரியும்.

இரண்டு அணிகளும் ஆடும் எஸ்இசி லீக்கில் ஆர்கன்சா 1 வெற்றி, 6 தோல்வி. நாம் தேசியத் தரவரிசையில் 12ஆம் இடம். சுலபமாக ஜெயிப்போம்தானே?

அப்படி நினைத்தால் தோற்பீர்கள். சீசன் தொடங்கும்போது 16ஆம் இடம் கொடுத்த அணி அது. டிசம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மிச்சிகனை வென்றது. எஸ்இசியில் முதல் ஐந்து ஆட்டமும் தோற்றது உண்மை, பூகி ஃப்ளாண்ட் கட்டைவிரல் காயத்தால் வெளியே போனதும் உண்மை. ஆனால் அதன்பின் ஜார்ஜியாவை 68-65 என்று வென்றார்கள், ஓக்லஹோமாவிடம் மூன்றே புள்ளியில் தோற்றார்கள். உடைந்துபோன அணி இப்படி ஆடாது.

நம் பக்கம் பாருங்கள். செவ்வாய்க்கிழமை டென்னசியில் போய் 78-73 என்று ஜெயித்தது அபாரம். ஆனால் அதற்கு முன் இதே ரப் அரீனாவில் அலபாமாவுக்கு 102 புள்ளி விட்டுக்கொடுத்தோம். பந்து வைத்திருப்பவனை ஒட்டிப் பிடிக்கத் தெரிந்த லமான்ட் பட்லர் தோள்பட்டைக் காயத்தில் இருக்கிறார். அவர் இல்லாவிட்டால் டி.ஜே. வாக்னரையும் அடூ தீரோவையும் வளையத்துக்குக் கிட்ட வரவிடாமல் யார் தடுப்பது? போப்பின் அணி மூன்று பாயிண்டரை நம்பி வாழ்கிறது. கோபி பிரேயாவும் ஜாக்சன் ராபின்சனும் சூடாக இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் இது கடைசி நான்கு நிமிஷம் வரை போகும் ஆட்டம்.

வாக்னர், தீரோ, இவிசிச் மூவரும் நம்மை விட்டுப் போனவர்கள்தானே? அவர்களுக்கும் கூச்சல் போடலாமா?

வேண்டாம். தீரோவின் அப்பாவும் வாக்னரின் அப்பாவும் மெம்பிஸில் காலிபரியிடம் ஆடியவர்கள். அப்பாவின் கோச் பின்னால் போன பையனை எதற்குக் குறை சொல்வது? ஸ்வோனிமிர் இவிசிச்சை நினைத்துப் பாருங்கள். சென்ற வருஷம் ஜனவரி 20, ஆடலாம் என்ற அனுமதி ஆட்டத்தன்றுதான் வந்து சேர்ந்தது. 7 அடி 2 அங்குலப் பையன், இறங்கிய கொஞ்ச நேரத்தில் மூன்று பாயிண்டர் போட்டான், அரங்கம் அதிர்ந்தது. அன்று 13 புள்ளி. கத்தியது நீங்களும் நானும்தான்.

காலிபரி வெளியே வரும்போது கை தட்டுவதா, கத்துவதா? டிக்கெட் வாங்கிவிட்டேன், மனசு இரண்டாக இருக்கிறது.

2022 அக்டோபரில் பைக்வில் ஊரில் அணியின் பயிற்சி ஆட்டம் நடந்தது. கிழக்குக் கென்டக்கி வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி சேர்க்க ஏற்பாடு செய்தது. ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி வேலை முடிந்து குளிக்கக்கூட நேரமில்லாமல், முகமெல்லாம் கரியோடு வந்து, மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். அந்தப் படத்தைப் பார்த்த காலிபரி, தன் குடும்பத்தின் கதையும் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க் சுரங்கத்தில்தான் தொடங்கியது என்று எழுதி, அவர் யார் என்று தேடிக் குடும்பத்தோடு ரப் அரீனாவுக்கு அழைத்தார். ஹைட்டி பூகம்பத்துக்கு, 2021 சூறாவளிக்கு என்று தொலைக்காட்சியில் நிதி திரட்டியதும் இவர் முன்நின்றதுதான்.

நானாக இருந்தால் காலிபரி அரங்கின் நுழைவுப் பாதையிலிருந்து வெளியே வந்து போப்புக்குக் கை கொடுக்கும்வரை நின்று கை தட்டுவேன். ஓக்லண்டை நினைத்து வயிறு எரிகிறவர்கள் பக்கத்து இருக்கையில் ஊளையிடுவார்கள், அவர்களிடம் சண்டை வேண்டாம், அவர்கள் வலியும் நியாயம்தான். பந்து மேலே போனதும் உங்கள் தொண்டையை அடக்கி வைக்காதீர்கள். தீரோ ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கும்போது அது ரொம்பத் தேவைப்படும்.