செடி வளர்வது மண்ணைச் சாப்பிட்டா, வெயிலைச் சாப்பிட்டா?

மண்ணிலிருந்துதானே செடிக்குச் சாப்பாடு, அப்புறம் வெயில் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். 17ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ்காரரான வேதியியலாளர் வான் ஹெல்மாண்ட் இதை எடைபோட்டே பார்த்தார். சுமார் 90 கிலோ மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கன்று ஏறத்தாழ 75 கிலோ கூடியது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம் அளவுதான்! எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு செய்தார். பாதி சரி. மீதிப் பாதி காற்று.

இலையின் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் இருக்கும் நுண்துளைகள் வழியே கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகிறது. வேர் தண்ணீரை அனுப்புகிறது. பச்சையம் வெயிலைப் பிடித்து, அந்த ஆற்றலால் தண்ணீரைப் பிளக்கிறது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் இப்படிப் பிளந்த தண்ணீரிலிருந்து வருவதுதான், கார்பன் டை ஆக்சைடிலிருந்து அல்ல. எனக்கு இன்றும் வியப்பூட்டும் விஷயம் இது. தண்ணீரிலிருந்து கிடைத்த எலக்ட்ரான்களையும் ஹைட்ரஜனையும் கொண்டு, காற்றின் கார்பன் சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரையைக் கோத்தால் மாவுச்சத்து. வேறு விதமாகக் கோத்தால் மரக்கட்டையின் செல்லுலோஸ்.

மண் தருவது நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்றவற்றை. அளவு கொஞ்சம்தான், ஆனால் நைட்ரஜன் இல்லாமல் பச்சையமே உருவாகாது.