ஏழைப் பெண்ணின் வாழ்க்கைப் போராட்டத்தை உள்ளபடி காட்டும் ஜப்பானியத் திரைப்படம் எது?

கனேட்டோ ஷிண்டோ 1960இல் இயக்கிய ‘ஹடகா நோ ஷிமா’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தையே சொல்வேன். வெற்றுத் தீவு என்பது அதன் பொருள். செட்டோ உள்நாட்டுக் கடலில் நல்ல தண்ணீரே கிடைக்காத ஒரு சிறு தீவில், கணவன் சென்டாவுடனும் இரண்டு மகன்களுடனும் வாழும் தோயோ என்ற பெண்ணின் கதை இது. ஏறத்தாழ வசனமே இல்லாத இப்படம் 1961இல் மாஸ்கோ திரைப்பட விழாவின் உயரிய பரிசைப் பகிர்ந்துகொண்டது.

பயிருக்கு வேண்டிய தண்ணீரைப் பக்கத்துத் தீவிலிருந்து படகில் கொண்டுவந்து, காவுதடியின் இரு முனைகளிலும் வாளிகளைத் தொங்கவிட்டு, செங்குத்தான மேட்டில் அவர்கள் சுமந்து ஏறுகிறார்கள். தடி வளைவதையும், அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தோயோவின் கால் தேடுவதையும் கேமரா அவசரப்படாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. தோயோவாக நடித்த நோபுகோ ஓட்டோவாவின் நடிப்பு முழுவதும் அந்த நடையிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. தொடக்கக் காட்சிகள் நீளமாக இருக்கின்றனவே என்று ஓட்டிவிடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரின் அருமை நமக்குப் புரிந்த பிறகுதான் அவள் கால் இடறி ஒரு வாளியைக் கொட்டிவிடுகிறாள், சென்டா தன் சுமையை இறக்கி வைத்துவிட்டு வந்து அவளை அறைகிறான்.

பின்னர் மூத்த மகன் டாரோ நோயுற்று, மருத்துவர் தீவுக்கு வந்து சேர்வதற்குள் இறந்துவிடுகிறான். அடக்கம் முடிந்து மீண்டும் வேலைக்கு இறங்கிய ஒரு நாளில், தோயோ தான் சுமந்துவந்த தண்ணீரையே தரையில் கொட்டி, பயிரைப் பிடுங்கி எறிந்து, மண்ணில் விழுந்து கதறுகிறாள். முன்பு அறைந்த அதே கணவன் இப்போது கை ஓங்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றவன் திரும்பித் தண்ணீர் ஊற்றத் தொடங்குகிறான். சற்று நேரத்தில் அவளும் எழுந்து தன் வேலையைத் தொடர்கிறாள். துயரப்படவும் நேரம் இல்லாததே வறுமை என்பதை இவ்வளவு நேராகக் காட்டிய வேறு காட்சியை நான் கண்டதில்லை.

பெண்ணின் பொறுமையைப் போற்றும் படம் இது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. இத்தனை பாடுபட்டு விளைவித்த தானியத்தை மூட்டை கட்டி நிலத்துக்குரியவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் காட்சியையும் ஷிண்டோ படத்தில் வைத்திருக்கிறார். அந்த உழைப்பின் பலன் யாருக்குப் போகிறது என்பதை அவர் மறைக்கவே இல்லை.