மின்சாரம், குடிநீர் போன்ற சேவைகளை வழங்கும் நிறுவனங்களின் மீது மாநில அரசின் கண்காணிப்பை எவ்வாறு வலுப்படுத்தலாம்?

தமிழ்நாட்டில் மின் பகிர்மானம் அரசின் கையில்தான் இருக்கிறது. உரிமையாளரும் அரசே, மானியம் கொடுப்பதும் அரசே. ஆகவே மேற்பார்வைக்கென்று இன்னும் நான்கு அதிகாரிகளை அமர்த்துவதால் பெரிய பயன் இருக்காது; அரசிடமிருந்தே விலகி நிற்கக்கூடிய மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தை நுகர்வோருக்கு எட்டும் தொலைவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே சேலத்தில் வசிக்கும் என்னுடைய கருத்து.

சட்டத்தில் அதிகாரத்துக்குப் பஞ்சமில்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் கட்டண நிர்ணயம், சேவைத் தரம், இழப்பீடு ஆகிய அனைத்தையும் மாநில ஆணையத்திடம் ஒப்படைத்திருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 108ஆம் பிரிவு, பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் ஆணையம் அரசின் வழிகாட்டுதலை ஏற்க வேண்டும் என்கிறது. எது கொள்கை என்ற ஐயம் எழுந்தால் அரசு சொல்வதே இறுதி. மின்வாரியம் கட்டண மனுவைத் தாக்கல் செய்யாவிட்டால் ஆணையம் தானாகவே முன்வந்து கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரிலேயே உத்தரவிட்டது. அப்படியிருந்தும், 2014 டிசம்பருக்குப் பிறகு வீட்டு மின்கட்டணம் பெரிதாக உயர்ந்தது 2022 செப்டம்பரில்தான். அதற்குள் மின்வாரியத்தின் திரண்ட நட்டம் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது.

அந்த 2022 கட்டண உயர்வுக்கான கருத்துக் கேட்புக் கூட்டங்கள் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் நடந்தன. சேலம் அம்மாப்பேட்டையில் விசைத்தறி ஓட்டுபவர் தன் குறையை நேரில் சொல்ல வேண்டுமானால், தறியை நிறுத்திவிட்டு, அன்றைய கூலியையும் இழந்து, கோவைக்குப் பேருந்து ஏற வேண்டும். மாலையில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் காயில் எரிவதைப் பற்றி அவரைவிட விவரமாக யார் சொல்ல முடியும்? கட்டணம் மாறும் ஒவ்வொரு முறையும் மாவட்டத் தலைநகர்களிலேயே கூட்டம் நடத்துவது ஆணையத்தால் முடியாத காரியமன்று.

மின் நுகர்வோரின் புகார்களை விசாரிக்கும் குறைதீர் மன்றத்தின் அமைப்பும் எனக்கு உடன்பாடானதன்று. ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மன்றம் இருக்கிறது. ஆனால் அந்த வட்டத்தை நிர்வகிக்கும் மேற்பார்வைப் பொறியாளரே அதன் தலைவர். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தம் அலுவலகத்தின் மீதான புகாரைத் தாமே விசாரிக்கிறார். அடுத்த படியான மின் குறைதீர்ப்பாளரோ சென்னையில் இருக்கிறார். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரை மன்றத்தின் தலைவராக்கினால் பாதிப் புகார்கள் இங்கேயே முடிந்துவிடும் என்று நம்புகிறேன்.

இன்னொன்று தகவல். ஏற்காட்டில் மழையும் காற்றும் சேர்ந்தால் எஸ்டேட்டுகளின் சில்வர் ஓக் கிளைகள் கம்பியின் மேல் விழுந்து, மலைக்கிராமங்கள் இருளில் மூழ்குவது வழக்கம். மின்தடை நேரத்தைச் சேலம் நகரத்தோடு சேர்த்துச் சராசரி பார்த்தால் அந்த இருள் கணக்கில் கரைந்துபோகும். ஃபீடர்வாரியாக, அதாவது துணை மின் நிலையத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு மின்பாதைக்கும் தனித்தனியாக, எத்தனை முறை, எத்தனை மணி நேரம் மின்சாரம் நின்றது என்பதை மாதந்தோறும் பிரிவு அலுவலகத்தின் பலகையில் எழுதி வைக்க ஆணையம் உத்தரவிட வேண்டும். இழப்பீடு கேட்பதற்கு ஆதாரம் அப்போதுதான் கிடைக்கும்.

குடிநீருக்கு இந்த அளவு ஏற்பாடுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. மேட்டூரிலிருந்து வரும் தண்ணீர் நின்றுபோனால் சேலத்துக்காரர் கவுன்சிலரைத்தான் தேடிப் போக வேண்டும். மகாராஷ்டிரம் 2005ஆம் ஆண்டிலேயே நீர்வளங்களுக்கென ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கச் சட்டம் இயற்றியது. மின்சாரம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. தண்ணீரோ மாநிலப் பட்டியலில் இருப்பதால், அத்தகைய சட்டத்தை நம் சட்டமன்றமே இயற்றிக்கொள்ளலாம்.