சி நிரல்மொழியில் +, * போன்ற ஆபரேட்டர்களில் எது முதலில் என்று சொல்லும் முன்னுரிமை அட்டவணையை முழுக்க மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

வேண்டாம். நான் சியில் எழுத ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது. அந்த 15 படிகளையும் வரிசையாகச் சொல்லச் சொன்னால் இன்றைக்கும் பாதியில் திணறுவேன். கூட்டல் கழித்தலுக்கு முன் பெருக்கல் வகுத்தல், மதிப்பை வைக்கும் = கிட்டத்தட்டக் கடைசி. மற்றதற்கு அடைப்புக்குறி இருக்கிறது.

ஆனால் ஓர் இடத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், என்னை இரண்டு நாள் அலையவிட்ட இடம் அது. ஒரு கருவியின் நிலையைக் காட்டும் எண்ணில் வலமிருந்து மூன்றாவது பிட் 1-ஆக இருக்கிறதா என்று பார்க்க இப்படி எழுதியிருந்தேன் (முதலில் வரும் குறி இரண்டு எண்ணிலும் 1-ஆக இருக்கும் பிட்டுகளை மட்டும் எடுக்கும், == சமமா என்று கேட்கும், 4-ல் மூன்றாவது பிட் மட்டுமே 1):

நிலை & 4 == 4

நான் நினைத்தது (நிலை & 4) == 4. நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் எடுத்துக்கொண்டதோ நிலை & (4 == 4). அடைப்புக்குள் இருப்பது உண்மை, சியில் அதன் மதிப்பு 1. ஆக, மூன்றாவது பிட்டைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு முதல் பிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோதித்தபோதெல்லாம் அந்த இரண்டு பிட்டும் சேர்ந்தே மாறியதால் நிரல் ஒழுங்காக ஓடுவது போலவே இருந்தது! எச்சரிக்கைகளைத் திறந்துவைத்திருந்தால் ஜிசிசி கம்பைலரே சொல்லியிருக்கும். நான்தான் மூடி வைத்திருந்தேன்.

ஏன் இப்படி வைத்தார்கள்? சிக்கு முந்தைய பி மொழியில், இரண்டு நிபந்தனையும் உண்மையா என்று பார்க்கும் && கிடையாது. பிட் கணக்குக்கும் சரி, நிபந்தனைகளைச் சேர்க்கவும் சரி, & ஒன்றுதான். நிபந்தனைகளைச் சேர்க்கும்போது ஒப்பீடு முதலில் முடிவதுதானே வசதி? அப்புறம் சியில் && வந்தது. பியில் எழுதியதைச் சிக்கு மாற்றுவது சிரமமாகிவிடக் கூடாது என்று & இருந்த படியிலேயே விடப்பட்டது. அதை இடம் மாற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியே 1993-ல் எழுதினார்.

இன்னொன்று, முன்னுரிமை வேறு, கணக்கிடும் வரிசை வேறு. மூன்று ஃபங்ஷன்களை அழைத்து, முதலாவது தருவதோடு மற்ற இரண்டின் பெருக்கத்தைக் கூட்டுகிறீர்கள் என்று வையுங்கள். பெருக்கல் முன்னால் நடக்கும், சரி. எந்த ஃபங்ஷன் முதலில் ஓடும்? அது கம்பைலரின் விருப்பம். இடமிருந்து வலம் என்ற உத்தரவாதம் &&, ||, ?:, காற்புள்ளி ஆபரேட்டர் ஆகிய நான்குக்குத்தான் உண்டு.

அதனால் நேர்முகத் தேர்வில் அ = அ++ + ++அ (++ என்பது மதிப்பில் ஒன்றைக் கூட்டி வைப்பது) என்று எழுதிக் காட்டி விடை கேட்டால், எண் எதையும் சொல்லாதீர்கள். சி தரநிலை அதற்கு எந்த விடையையும் வரையறுக்கவில்லை என்பதுதான் பதில்.